வார்த்தை மாறாமல்

பிப்ரவரி 26

அச்சகத்தில் கழித்துப் போட்ட டைரிகளில் ஒன்று எனக்கு வந்தது. ஜூன் மாதத்துக் கிழமைகள் ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டனவாம். என் மேசைக்கு வந்திருந்தால் அந்தப் பிழை தப்பியிருக்காது. பிப்ரவரி முடிகிற நேரத்தில் டைரி தொடங்குகிறாளே என்று வீட்டில் இவர் சிரித்தார். காலண்டரும் டைரியும் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு கடையில் போய் டைரி வாங்கினால்தான் சிரிக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறார்கள். பெயர் ஜெயக்கொடி. தொழில், அச்சகத்தில் பிழை திருத்துவது. ரத்த வகை தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்பதால் காலியாக விட்டேன்.

இன்று ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. 'அகால மரணம்' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். இறந்தவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. அந்த வயதுக்கு அகாலம் பொருந்தாது என்று சொன்னேன். வந்திருந்த மகன், "எங்களுக்கு அகாலந்தாம்மா" என்றார். முதலாளி குறுக்கே வந்து அப்படியே போடச் சொல்லிவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. ஆளாளுக்கு ஒரு சொல்லை இஷ்டத்துக்கு இழுத்தால் அப்புறம் அது எதற்கு உதவும்?

மார்ச் 4

குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே தரைத் தொட்டி. தண்ணீர் வருகிற காலையில் மூடியைத் தள்ளி வைத்துவிட்டு வீடு வீடாக முறை வைத்து அள்ளுவோம். முதல் வீட்டில் தொடங்கி கடைசி வீட்டில் முடியும். கடைசியாக அள்ளுகிறவர் மூடியைப் போட வேண்டும்.

இன்று என் முறையில் கடைசி வீட்டு மாரிக்கனி குடத்தை இறக்கிவிட்டாள். கேட்டால், "புள்ள அழுதுக்கா, ரெண்டு கொடந்தான்" என்கிறாள். முறை என்றால் முறைதான். சண்டை ஒன்றும் இல்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். பக்கத்து வீட்டு அன்னக்கிளி வந்து எங்கள் இரண்டு பேரையும் விலக்கிவிட்டாள்.

மாரிக்கனிக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம். காலண்டருக்குத் தகரம் அடிக்கிற பட்டறையில் வேலை. புருஷன் செந்தட்டி லாரி ஓட்டுகிறவன், தூத்துக்குடியில் வேறு ஒருத்தியோடு தங்கிவிட்டான். இங்கே இவளும் ரித்திகா என்று ஒரு பெண் குழந்தையும்தான். குழந்தைக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. அதற்காக முறையை மாற்ற முடியுமா?

மார்ச் 9

மாரிக்கனியோடு பேச்சு இல்லை. அதுவும் ஒரு வகையில் நிம்மதிதான்.

மார்ச் 15

ரித்திகா இறந்துவிட்டாள்.

காலையில் தண்ணீர் வந்தது. என் முறை முடிந்து நான் குடத்தோடு உள்ளே போய்விட்டேன். குழந்தை வாசலில் ஒரு டப்பாவை வைத்து விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கடைசி முறை மாரிக்கனியுடையது. அவள் குடத்தை உள்ளே கொண்டுபோய் அண்டாவில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது குழந்தையைக் காணவில்லை. தொட்டி திறந்து கிடந்தது. அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்னக்கிளியின் புருஷன் பெருமாள் உள்ளே குதித்துத் தூக்கினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அறுத்து, மாலையில்தான் கொடுத்தார்கள். கொண்டுவந்து கிடத்தியதும் நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். மாரிக்கனி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏ ராசாத்தி, நானே ஒன்னயக் கொன்னுட்டனே,
தண்ணிக்குள்ள நானே தள்ளிவிட்டனே,
ஒரு கொடம் தண்ணிக்கு ஒன்னய நான் வித்துட்டனே..."

தோளோடு தோள் பிடித்து நாங்களும் கூட அழுதோம். நானும் அழுதேன். இத்தனை நாள் அவளோடு பேசாமல் இருந்ததற்கும் சேர்த்து அழுதேன். "யக்கா, போயிட்டாக்கா" என்று அவள் என் மடியில் விழுந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 17

செந்தட்டியும் அவன் அம்மா சுப்புத்தாயும் நேற்று வந்தார்கள். இழவு வீட்டில் சுப்புத்தாய் சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பட்டறையில் யாரோடோ மாரிக்கனிக்குப் பழக்கம் என்றும், குழந்தை இடைஞ்சல் என்று அவளே முடித்துவிட்டாள் என்றும் வாசலில் நின்று பேசினார். "அவ வாயாலதான சொன்னா, நாந்தான் தள்ளிவிட்டேன்னு? கூட இருந்த அத்தன பேரும் கேட்டீகள்ல?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். மாரிக்கனி அழுததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் பேசக்கூடிய கேள்வியாகவே எங்களுக்கு அது படவில்லை.

மார்ச் 19

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தார்கள். சுப்புத்தாய் புகார் கொடுத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வீடாகக் கேட்டார். அன்னக்கிளி, "அழுதா சார், எல்லாரும் அழுவுற மாதிரிதான் அழுதா" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் முந்தானையை முறுக்குகிறாள். என்னிடம் வரும்போது இன்ஸ்பெக்டருக்கு அலுத்துப்போயிருந்தது.

நான் எம்.ஏ. தமிழ் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்களாச்சும் வார்த்தை மாறாம சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூன்றாவது வரியை, ஒரு குடம் தண்ணீருக்கு விற்றதைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த காவலர் நிமிர்ந்து பார்த்தார். "அது கேஸுக்குச் சம்பந்தமில்ல, விடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். விட்டோம்.

எழுதியதை எனக்கே படிக்கக் கொடுத்தார்கள். 'நான்தான் எனது மகளைத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளிவிட்டுக் கொலை செய்தேன் என்று கூறினார்' என்று இருந்தது. கொலை என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை. கொன்றுவிட்டேன் என்றுதான் சொன்னாள் என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். "உங்கள மாதிரி ஒரு சாட்சி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா" என்று இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கும்போது சொன்னார்.

வீட்டில் இவரிடம் சொன்னபோது, ஒப்பாரி என்று சொன்னாயா என்று கேட்டார். பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து வேறு என்ன செய்வார்களாம்? இன்ஸ்பெக்டர் வீட்டில் யாரும் செத்ததில்லையா? அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். இவர் காகிதம் வெட்டுகிற மெஷினில் வேலை பார்க்கிறவர். எதையும் இரண்டு முறை அளந்து பார்க்கிற பழக்கம்.

மார்ச் 20

மாரிக்கனியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விசாரணைக்கு என்றார்கள். மாற்றுச் சேலை எடுத்துக்கொள்ளச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மார்ச் 22

பேப்பரில் வந்திருக்கிறது. 'பெற்ற மகளைத் தொட்டியில் தள்ளிக் கொன்ற தாய் கைது. உறவினர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்.' நாங்கள் உறவினர்கள் இல்லை. அவள் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஒரு செய்தியில் இரண்டு தவறு.

அன்னக்கிளி மாவு அரைத்துக்கொண்டு திரும்பும்போது என் வாசலில் நின்றாள்.

"யக்கா, அழுகையில சொல்லுறதயெல்லாமா எழுதிக் குடுப்பாக?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? எங்காத்தா செத்தப்ப நாந்தான் வெசத்த வச்சேன்னு அழுதேன். ஆத்தாவுக்குச் சீக்கு. என்னயப் புடிச்சுக் குடுத்துருவீகளா?"

எனக்குக் கோபம் வந்தது. படிக்காதவளுக்கு எப்படிப் புரியவைப்பது? சாட்சி என்பவர் கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். அர்த்தம் பார்க்கிறது அவர்கள் வேலை. இதை அவளிடம் சொன்னேன். அவள் மாவுத்தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 25

ஸ்டேஷனுக்குப் போனேன். அது ஒப்பாரி என்பதையும் அந்த மூன்றாவது வரியையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் இல்லை. எழுதிய காவலர் இருந்தார். "அதெல்லாம் கோர்ட்டுல சொல்லிக்கங்கம்மா, இப்ப மாத்தினா நீங்களே மாத்திப் பேசுறதா ஆகிரும்" என்றார்.

மாற்றிப் பேசுகிறவள் என்ற பெயர் எனக்கு இதுவரை வந்ததில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். அரை நாள் லீவு. போகும்போதெல்லாம் ஒப்பாரி, ஒப்பாரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். மாஜிஸ்திரேட் சின்ன வயதுப் பெண். காய்ச்சல் போலிருக்கிறது, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

"போலீஸ்ல சொன்னது உங்க சொந்த விருப்பத்துல சொன்னதா?" ஆமாம் என்றேன். "அந்தம்மா அப்படிச் சொன்னதை உங்க காதால கேட்டீங்களா?" ஆமாம். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

பேனாவைக் கையில் எடுத்த பிறகு, "மேடம், அது வந்து..." என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுவும் தப்பா எழுதியிருக்கா?" என்று கேட்டார். எழுதியிருந்ததில் தப்பு இல்லை. இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 12

வேலைக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூன் 20

இந்த மாதம் முழுக்க டைரியில் கிழமை தப்பு. ஒவ்வொன்றாக அடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மாரிக்கனிக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட அவளுக்கு ஆள் இல்லை என்று பெருமாள் சொன்னார். செந்தட்டி மறுபடி தூத்துக்குடிக்கே போய்விட்டான். கடைசி வீட்டுக்குப் புதிதாக ஆள் வரப்போகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் மாரிக்கனியின் பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டி என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8

தினசரி காலண்டர் வேலை தொடங்கிவிட்டது. ஒவ்வொரு தாளிலும் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் போட வேண்டும். மேஷம் லாபம். ரிஷபம் பயம். மிதுனம் சுகம். கடகம் பகை. மூலத்தில் இருக்கிற மாதிரி அச்சில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

இன்று ஒரு தாளில் பயமும் சுகமும் இடம் மாறியிருந்தன. திருத்தினேன். பக்கத்து மேசை சுந்தரபாண்டி, "மாத்தாட்டியும் ஒண்ணும் ஆகாதுக்கா. பயம்னு போட்டா பஸ்ஸுக்குப் பயப்படுறவன் பஸ்ஸுன்னு நெனப்பான், கடங்காரனுக்குப் பயப்படுறவன் கடன்னு நெனப்பான்" என்றான். வழக்கமாக இப்படிப் பேசினால் சண்டைக்குப் போவேன். இன்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுமனே 'பயம்' என்று இருக்கிறது. யார் எடுத்தாலும் அவரவருக்குத் தகுந்தபடி ஆகிக்கொள்கிறது.

நான் போலீசிடம் கொடுத்ததும் இப்படித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 10

இவரிடம் சொன்னேன். மாரிக்கனியின் வக்கீலைப் பார்க்கலாம் என்றார். அரசாங்கமே இலவசமாக ஏற்படுத்திக் கொடுத்த வக்கீல், பெயர் சகாயராணி. அடுத்த வாரம் போகிறோம்.

ஆகஸ்ட் 17

சகாயராணி நல்ல பெண். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. "இத மாஜிஸ்திரேட்கிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா கேஸே இல்லக்கா" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, கோர்ட்ல சொல்லுங்க. உங்க சாட்சியத்த விட்டா அவங்ககிட்ட வேற எதுவும் இல்ல. தள்ளினத யாரும் பாக்கல" என்றார்.

ஆக, ஒருத்தியுடைய உயிர் என் வாயில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, ஜனவரி 21

புது டைரி எடுக்கவில்லை. பழையதிலேயே கடைசி வெற்றுத் தாள்களில் எழுதுகிறேன்.

இன்று கோர்ட்டில் என் முறை. மாரிக்கனி இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். கோர்ட்டில் அவளுக்கு 'எதிரி' என்று பெயர். யாருக்கு எதிரி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அரசு வக்கீல், "குழந்தையோட சடலம் பக்கத்துல உட்கார்ந்து எதிரி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"அய்யா, அவ சொல்லல. ஒப்பாரி வச்சா."

"என்ன வார்த்தை சொன்னாங்க?"

"ஒப்பாரியில எல்லாரும் அப்படித்தான்யா அழுவாங்க. எங்க பக்கத்துல தாய் தகப்பன் செத்தாலும் நானே கொன்னுட்டேன்னுதான் அழுவோம்."

நீதிபதி பொறுமையானவர்தான். "அம்மா, நீங்க கேட்ட வார்த்தைய மட்டும் சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

சொன்னேன். என் குரலில் அது கேட்க வேறு மாதிரி இருந்தது. பொருளைக் கடையில் கேட்டு வாங்குகிற மாதிரி இருந்தது. இது அவள் அழுதது இல்லை என்று எனக்கே தெரிந்தது. அதனால் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதே காட்டினேன். அவள் எப்படி இழுத்தாளோ அப்படியே இழுத்தேன். மூன்று வரியையும் அழுதேன். பின்வரிசையில் ஒரு வக்கீல் சிரித்தார். டைப் அடிக்கிறவர் விரல்களைத் தூக்கிக்கொண்டு நீதிபதியைப் பார்த்தார். எதிரே மாரிக்கனி மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டாள், பெண் போலீஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா, இது கோர்ட்" என்றார் நீதிபதி. டைப் அடிப்பவரிடம் திரும்பி, "எதிரி அழுதுகொண்டே சொன்னார்னு போடுங்க" என்றார்.

சகாயராணி எழுந்து கேட்டார். "ஒரு குடம் தண்ணிக்கு வித்துட்டேன்னும் அழுதாங்களா?"

"ஆமா."

"குழந்தைய யாருக்காவது வித்தாங்களா?"

"இல்ல."

எனக்கு அப்போது உயிர் வந்தது. ஆனால் அரசு வக்கீல் மறுபடி எழுந்தார். விற்ற பேச்சு போலீஸ் வாக்குமூலத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மாஜிஸ்திரேட் வாக்குமூலத்தில்? இல்லை. ஒப்பாரி என்ற சொல் எதிலாவது இருக்கிறதா? இல்லை.

"கொலைங்கற வார்த்தைய மட்டும் நீங்களே சொல்லித் திருத்தியிருக்கீங்க. படிச்சுப் பாத்துதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பிழை திருத்துற வேலை."

அவர் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பிறழ் சாட்சியாகக் கருத வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாற்றிப் பேசுகிறவள் என்று கோர்ட்டிலேயே பதிவாகிவிட்டது. எதற்குப் பயந்து ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தேனோ அதுதான் நடந்தது.

பிப்ரவரி 18

மாரிக்கனியிடம் நீதிபதி கேட்கிற நாள். சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாகப் படித்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பொய் என்று சொல்லும்படி சகாயராணி அவளிடம் சொல்லி வைத்திருந்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

பட்டறையில் பழக்கம் என்றதற்குப் பொய் என்றாள். குழந்தை இடைஞ்சல் என்றதற்குப் பொய் என்றாள். பிறகு நீதிபதி என் சாட்சியத்தைப் படித்தார். "நானே ஒன்னைக் கொன்னுட்டேன், தண்ணிக்குள்ள நானே தள்ளிவிட்டேன்னு சொன்னதா சாட்சி சொல்றாங்க. என்ன சொல்றீங்க?"

இதற்கும் பொய் என்பாள் என்று காத்திருந்தேன்.

"சொன்னேன்யா."

சகாயராணி எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "குழந்தைய நீங்க தள்ளினீங்களா?"

"நான் கொடத்தத்தான்யா பாத்தேன். புள்ளயப் பாக்கல."

"தள்ளினீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"பாத்திருந்தா இருந்திருப்பால்ல? அப்ப நாந்தானய்யா? வேற யாரு? நாந்தான்யா எல்லாம்."

அழவில்லை. இழுக்கவில்லை. தலையைக் குனிந்து, ஸ்கூலில் தப்புச் செய்த பிள்ளை சொல்வது போல் சொன்னாள். இத்தனை மாதம் ஆள் மாற்றி ஆள் அதையே அவளிடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். டைப் அடிக்கிறவருக்கு இந்த முறை விரலை நிறுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

மார்ச் 6

தீர்ப்பு. ஆயுள்.

மார்ச் 19

சகாயராணி தீர்ப்பு நகலைக் காட்டினார். மேல்முறையீடு செய்வார்களாம். வருஷக் கணக்கில் ஆகுமாம். என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. சாட்சி கற்றறிந்தவர், சொற்களைத் துல்லியமாகக் கையாளும் தொழிலில் இருப்பவர், ஆகவே சம்பவத்துக்குப் பின் சில தினங்களில் அவர் அளித்த முதல் வாக்குமூலத்தை நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை என்று இருந்தது. ஒரு பிழை இல்லை. நிறுத்தக்குறிகூடச் சரியாக இருந்தது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைத் திருத்த இடமே இல்லை.

மே 2

சிறையில் மனு போட்டு மாரிக்கனியைப் பார்த்தேன். அவளுக்கு என்மேல் கோபம் இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். "நல்லாருக்கீகளாக்கா? அண்ணாச்சி சொகமா?" என்று கேட்டாள். பாத்திரச் சாக்கு என் வீட்டில் இருப்பதைச் சொன்னேன். "அத வித்திராதீகக்கா, ரித்திகா பால் கிண்ணம் அதுலதான் இருக்கு" என்றாள். மேல்முறையீட்டைப் பற்றிச் சொன்னேன். "எதுக்குக்கா?" என்றாள்.

"நீ கொல்லலைல்ல மாரிக்கனி."

அவள் கம்பிவலையைப் பார்த்தாள். "எனக்கே இப்ப சரியா நெனவு இல்லக்கா. மூடியப் போட்டனா, போடலையா, ஒண்ணும் பிடிபடல" என்றாள்.

நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 14

புத்தக வேலை, கைடு. நிறையப் பக்கம். கண் எரிகிறது.

அக்டோபர் 3

அன்னக்கிளியின் புருஷன் பெருமாள் இறந்துவிட்டார். லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அச்சகத்துக்குப் போன் வந்தது. வேலையை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

தெருவுக்குள் நுழையும்போதே அன்னக்கிளியின் அழுகை கேட்டது. காலையில் வேலைக்குப் போக வேண்டாம் என்று தடுக்காமல் நானே அனுப்பிவைத்தேனே என்று இழுத்து அழுதுகொண்டிருந்தாள். மற்றவர்கள் கூட அழுதார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தேன். கடைசி வீட்டுக்குப் புதிதாக வந்தவள் அன்னக்கிளியின் விலாவில் இடித்தாள்.

அழுகை நின்றுவிட்டது.

அன்னக்கிளி என்னைப் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டாள். உடம்பு குலுங்குகிறது, சத்தம் வரவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்தேன். கட்டையாக இருந்தது.

"அழு அன்னக்கிளி, அழுதிரு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். துணியை எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

புருஷன் முன்னால் கிடக்கிறார். ஒண்ணுமில்லக்கா என்கிறாள். மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெருமாளின் தங்கச்சி பேருந்திலிருந்து இறங்கி அலறிக்கொண்டு உள்ளே வந்தாள். யாரோ அவள் காதில் ஏதோ சொன்னார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழுந்து வெளியே வந்தேன். இவர் வாசலில் நின்றிருந்தார், என்ன என்று கேட்டார். செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனைவரை நடந்தேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பின்னால் குரல் எழும்பியது. அத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்து அழுதார்கள், அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. அங்கிருந்து சத்தம் மட்டும்தான் கேட்டது, என்ன சொல்லி அழுகிறார்கள் என்று தெரியவில்லை. அந்தத் தூரத்திலேயே நின்று நானும் அழுதேன்.